பாஸ் சாமானால் விரால் பிடித்தல்: கொழும்பு நன்னீர்களுக்கான கைநூல்

கொழும்புக் கடைகளில் கிடைக்கும் நன்னீர்த் தூண்டில் சாமான்களில் பெரும்பகுதி பாஸ் மீனுக்கென்று செய்யப்பட்டது. தடியில் எழுதியிருக்கும் அளவு, ரீலின் பிரேக், தவளை லூரின் (தவளை வடிவப் போலி இரையின்) முள், பெட்டியில் அச்சிட்ட படம் எல்லாமே பெருவாய்ப் பாஸைக் கணக்கில் வைத்தவை. அது வட அமெரிக்க மீன். 1932இல் ஜோர்ஜியாவில் பிடிபட்ட 22 றாத்தல் 4 அவுன்ஸ் மீன் உலக சாதனையாக நின்றது. 2009இல் யப்பானின் பிவா ஏரியில் அதற்கு நிகரான இன்னொன்று பிடிபட்டது. நம் பக்கத்து நீரில் அந்த மீன் இல்லை. தியவன்னா ஓயாவின் புல்லுக்குள் இருப்பது விரால். பொல்கொட ஏரியில் கொடுவாவும், கரையோர வேர்களுக்குள் தம்பலயாவும் உண்டு. அதனால் கடையில் நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டியது: இந்தச் சாமானில் எது அப்படியே உதவும், எதை மாற்ற வேண்டும், எதற்குக் காசு செலவழிக்கவே வேண்டாம்.

வாய்தான் வித்தியாசம்

பாஸ் வாயைத் திறந்ததும் நீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். லூர் முழுதாக வாய்க்குள் போய்விடுவதால் உடனே தடியைத் தூக்கினாலும் முள் பிடிக்கும். விரால் கடிக்கிற மீன். பல்லால் பற்றி, கீழே இழுத்து, பிறகுதான் வாய்க்குள் திருப்பும். தாடையோ எலும்பு. ஆகவே பாஸ் முறையில் தண்ணீர் தெறித்தவுடன் வெட்டி இழுத்தால் லூர் மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும். விரால் தவறவிடுவதற்கு முதற்காரணம் இதுதான். மற்றக் காரணங்களெல்லாம் இதற்குப் பிறகு.

இன்னொன்று, விரால் காற்றைச் சுவாசிக்கும். ஒட்சிசன் குறைந்த, கலங்கிய, நாற்றமெடுக்கும் கால்வாயிலும் அது வாழும். மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுப் போகும். அந்தக் குமிழியும் வளையமும் கரையில் நிற்பவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தகவல்.

கொடுவா பாஸைப் போலவே உறிஞ்சித் தின்னும். பாஸ் லூர்கள் அதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் செவுள்மூடியின் ஓரம் கத்தி, வாய் அரம். லூர் சரியாக இருந்தாலும் நூல் அறுந்துபோகும்.

தடியும் ரீலும்

ஒரே ஒரு தடிதான் வாங்க முடியுமென்றால்: 6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடி வரை நீளம், மீடியம் ஹெவி வலு, ஃபாஸ்ட் நுனி (நுனிப்பக்கம் மட்டும் வளைவது). லூர் எடை ⅜ முதல் 1 அவுன்ஸ், அதாவது 10 முதல் 28 கிராம் என்று கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் பலர். கீழ் எல்லைக்குக் குறைந்த எடையை எறிந்தால் தடி வளையாது, லூர் காலடியில் விழும். மேல் எல்லையைத் தாண்டினால் ஒருநாள் முறியும்.

பாஸ்காரர்கள் ஒற்றைத் துண்டுத் தடியையே புகழ்வார்கள். படகில் தடிப்பெட்டி வைத்திருப்பவருக்கு அது சரி. 7 அடி ஒற்றைத் தடியோடு 138 பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். இரண்டு துண்டுத் தடியே நமக்குத் தோது. இன்றைய இணைப்புகளில் உணர்வு பெரிதாகக் குறைவதில்லை. இணைப்பில் சிறிது மெழுகுதிரியைத் தேய்த்து வைத்தால் எறியும்போது கழன்று பறக்காது.

புல்லுக்குள் விரால் பிடிக்க பெயிட்காஸ்டர் ரீல், அதாவது தடியின் மேல்பக்கத்தில் நூலுருளை கிடையாகச் சுழலும் ரீல், வேண்டும். கட்டைவிரலால் நூலை நிறுத்தி லூரை ஒரு சட்டியளவு இடைவெளிக்குள் இறக்கலாம். மீனைப் புல்லிலிருந்து பிடுங்கும் இழுவலுவும் அதற்கு உண்டு. பற்சக்கர விகிதம் 7.1:1க்குக் கிட்ட இருந்தால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 70 செ.மீ. நூல் உள்ளே வரும். விரால் கடித்துவிட்டு உங்களை நோக்கி நீந்தினால் தளர்வை எடுக்க அந்த வேகம் தேவை. 5.4:1 ரீல் ஆழத்தில் பெரிய கிராங்க்பெயிட் (ஆழமிறங்கும் போலி மீன்) இழுக்கச் செய்தது. இங்கே அதற்கு வேலை குறைவு. கைப்பிடி இடதா வலதா என்று வாங்கும்போதே தீர்மானியுங்கள். பெயிட்காஸ்டரில் ஸ்பின்னிங் ரீல் போலக் கைப்பிடியைக் கழற்றிப் பக்கம் மாற்ற முடியாது.

முதன்முதலாகத் தூண்டில் பிடிப்பவர் 3000 அளவு ஸ்பின்னிங் ரீலோடு தொடங்கினாலும் குற்றமில்லை. பொல்கொடையில் 10 கிராம் ரப்பர் மீனைக் காற்றுக்கு எதிராக எறிய அதுவே சுலபம்.

நூல்

விராலுக்கு 8 இழை பிரெய்ட் (பின்னல் நூல்), 40 முதல் 50 றாத்தல். தங்கூசி நூல் இழுபடும். 20 மீற்றர் தூரத்தில் புல்லுக்கு மேலிருந்து முள்ளைக் குத்தும் விசையை அந்த இழுவையே தின்றுவிடும். பிரெய்ட் நீளாது. புல் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும்.

பிரெய்ட்டை வெறும் ஸ்பூலில் (ரீலின் நூலுருளையில்) சுற்றக்கூடாது. வழுக்கிக்கொண்டு மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் சுழலும். ட்ராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக வழுக்கவிடும் ரீல் பாகம்) பழுதாகிவிட்டது என்று நினைத்து ரீலைக் கழற்றுவீர்கள். முதலில் 10 மீற்றர் தங்கூசி சுற்றி, இரட்டை யூனி முடிச்சால் பிரெய்ட்டை இணையுங்கள். நூலை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் முதல் பெரிய மீனிலேயே மேல்நூல் கீழடுக்குக்குள் புதைந்து, அடுத்த எறிதலில் லூர் அறுந்து போகும். விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. குறைவாக நிறுத்துங்கள்.

தவளையைப் பிரெய்ட்டில் நேரடியாகக் கட்டலாம், பாலோமர் முடிச்சால்: நூலை 15 செ.மீ. இரட்டையாக மடித்து கண்ணுக்குள் விட்டு, மடிப்பால் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் லூர் முழுவதையும் நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். தங்கூசிக்குப் பழகிய சுற்று முடிச்சு பிரெய்ட்டில் வழுக்கும். தவளைக்கு ஸ்னாப் (திறந்து பூட்டும் கொளுவி) போடாதீர்கள், புல் அதில் கொத்தாகத் தொங்கும்.

கொடுவாவுக்கு 20 முதல் 30 றாத்தல் பிரெய்ட், அதன் முன்னால் 30 முதல் 40 றாத்தல் ஃப்ளோரோகாபன் (தேய்வு தாங்கும் ஒற்றை இழை நூல்) 60 முதல் 80 செ.மீ. இணைக்கும் இரட்டை யூனியில் பிரெய்ட் பக்கம் 8 சுற்று, தடித்த நூல் பக்கம் 4 சுற்று. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி 30 செ.மீ. நூலை நகத்துக்கும் விரலுக்கும் இடையில் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். சோம்பல்பட்டால் அடுத்த மீன் லூரோடு போகும்.

ட்ராக்கைக் கைக்கணக்கில் வைப்பதைவிட பயணப்பெட்டி நிறுக்கும் தராசை நூலில் கொளுவி இழுத்துப் பார்ப்பது மேல். திறந்த நீரில் மிகப் பலவீனமான நூலின் கால்பங்கு: 30 றாத்தல் என்றால் ஏறத்தாழ 3.4 கிலோவில் வழுக்க வேண்டும். புல்லுக்குள் விரால் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. ட்ராக்கை முழுதாகப் பூட்டுங்கள். அரை மீற்றர் நூல் கொடுத்தாலே அது தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும்.

பெயிட்காஸ்டரைப் பழக்குதல்

முள் நீக்கிய 14 கிராம் எடையொன்றோடு விளையாட்டு மைதானத்தில் பழகுங்கள். (காலிமுகத்திடலில் ஞாயிறு மாலை வேண்டாம், பட்ட நூலும் பிள்ளைகளும்.) எடை தடிநுனியில் தொங்க, பொத்தானை அழுத்தி விடுங்கள். எடை மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு சுற்றுக்கூடச் சுழன்றால் கைப்பிடிப் பக்கத்துச் சிறு குமிழை இறுக்குங்கள். எடை இறங்கவே மறுத்தால் தளர்த்துங்கள். லூர் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனெனில் இந்தக் குமிழ் எடைக்கானது. மறுபக்கத்துக் காந்த அல்லது மையவிலக்குப் பிரேக் வேறு வேலை செய்கிறது. எறிதலின் தொடக்கத்தில் ஸ்பூல் லூரை முந்தாமல் பிடிப்பது அது. அதை உச்சத்தில் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள்.

எறியும்போது ரீலின் கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்புங்கள். வேகமாக அல்ல, நீளமாக வீசுங்கள். லூர் நீரைத் தொடுவதற்குச் சற்று முன் கட்டைவிரல் ஸ்பூலை மூடட்டும். அது பிந்தினால் லூர் நின்ற பிறகும் ஸ்பூல் சுழன்று குருவிக்கூடு கட்டும்.

கட்டிய கூட்டை நகத்தால் கிண்டாதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பொத்தானை அழுத்தி நூலை மெதுவாக வெளியே இழுங்கள். மடிந்த நூல் நேராகி, பெரும்பாலான சிக்கு அப்படியே அவிழும். பழகிய பிறகும் சிக்குகிறதென்றால் எதிர்க்காற்றுத்தான் காரணம். பிரேக்கை இரண்டு எண் கூட்டி, தாழப் பக்கவாட்டில் எறியுங்கள்.

தவளை

புறக்கோட்டையிலோ இணையத்திலோ வாங்கும் உள்ளீடற்ற ரப்பர்த் தவளை, பாஸ் சாமான்களிலேயே விராலுக்கு மிகப் பொருத்தமானது. இரட்டை முள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் ஆகாயத்தாமரைக்கும் சல்வீனியாவுக்கும் மேலே தடையின்றி வரும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே எறியக்கூடாது. நான்கு திருத்தங்கள் தேவை.

முதலாவது முள். குறட்டால் இரு முனைகளையும் உடலிலிருந்து 2 மி.மீ. மட்டும் வெளியே வளையுங்கள். அதிகம் வளைத்தால் புல் கொளுவும். பிறகு சிறிய அரத்தால் கூராக்குங்கள். முனை நகத்தில் வழுக்காமல் நிற்க வேண்டும். மெல்லிய கம்பி முள் உள்ள மலிவுத் தவளையை வாங்காதீர்கள். பூட்டிய ட்ராக்கில் அது நேராகிவிடும்.

இரண்டாவது கால்கள். ரப்பர் நாரின் நீளத்தில் 2 செ.மீ. அளவு வெட்டினால் தவளை இடம்வலமாகத் தலையாட்டும். இரு பக்கமும் ஒரே நீளமாக வெட்டுங்கள். ஒருபக்கம் கூடினால் ஒரே திசைக்கே திரும்பும்.

மூன்றாவது எடை. வயிற்றிலுள்ள துளையால் 2 அல்லது 3 கிராம் ஈயக்குண்டுகளைப் பின்பக்கம் தள்ளுங்கள். எறிதூரம் கூடும், பின்புறம் தாழ்ந்து முள் நீரில் இருப்பதால் விரால் கௌவும்போது பிடிக்கும் வாய்ப்பும் கூடும். நான்காவது, மூக்கில் நூல் கட்டும் கண்ணைச் சுற்றி ஒரு துளி பசை. அந்த ஓட்டையால்தான் நீர் ஏறித் தவளை அமிழும். அப்படியும் சில எறிதலுக்கொருமுறை பிதுக்கி நீரை வெளியேற்ற வேண்டும்.

இனி எறிதல். விரால் நிற்கும் இடத்தின் மேலேயே போடாதீர்கள். அதற்கு அப்பால் 2 மீற்றர் தள்ளி, முடிந்தால் இலைமேல் இறக்கி, மெல்ல இழுத்து நீரில் இறக்குங்கள். தொடர்ந்த, சீரான, இடைவேளையில்லாத இழுவையே விராலுக்குப் பிடிக்கும். பாஸுக்குச் சொல்லப்படும் நீண்ட நிறுத்தங்கள் இங்கே அவ்வளவு தேவையில்லை. இடைவெளியொன்றைக் கடக்கும்போது மட்டும் இரண்டு விநாடி நிறுத்திப் பாருங்கள். பின்னால் ஒரு நீர்க்கோடு தொடர்வது தெரிந்தால் வேகத்தை மாற்றாதீர்கள். நிறுத்தினால் அது நின்று யோசிக்கும், பிறகு திரும்பிப் போகும்.

தண்ணீர் வெடித்ததும் செய்ய வேண்டியது: தடிநுனியைத் தாழ்த்துங்கள். தளர்வைச் சுற்றி எடுங்கள். மீனின் பாரம் கையில் தெரியும்வரை பொறுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும். பிறகு இரு கைகளாலும் மேல்நோக்கி ஒரே வெட்டு, உடனே நிறுத்தாமல் சுற்றுங்கள். தலை மேலே இருக்கும்வரை மீன் வழுக்கிக்கொண்டு வரும். தலை கீழே போனால் புல்லுக்குள் புதைந்துவிடும். புதைந்தால் வலித்து இழுக்க வேண்டாம். தடியை மீனுக்கு நேராக நீட்டி, நூலை இறுக்கமாக வைத்தபடி நின்றால் சில சமயம் அதுவே அசைந்து வெளியே வரும்.

கடித்துத் தவறவிட்டால் தவளையை அதே இடத்தில் மிதக்க விடுங்கள். வரவில்லையா, 10 விநாடிக்குள் அதே இடத்தில் முள் மறைத்த ரப்பர்ப் புழுவை இறக்குங்கள். இரண்டாவது தடி வைத்திருப்பவருக்கு இது சுலபம்.

மலேசியா, தாய்லாந்துப் பக்கம் செய்யும் சிறிய ஜம்ப் ஃப்ரொக் வகை, திறந்த நீர் கலந்த இடங்களில் பாஸ் தவளையை வெல்லும். பின்னால் கரண்டியோ காற்றாடியோ சுழல்வதால் தூரத்து மீனையும் அழைக்கும். அடர்ந்த சல்வீனியாவில் மட்டும் அது அமிழ்ந்து போகும்.

ஒரு விடயத்தில் கண்டிப்பு. செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கொதிப்பதுபோல மேலே வந்து போனால், கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் விரால் பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்கவே கடிக்கும். ஆகவே சுலபமாகப் பிடிபடும். பெற்றோரை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுக் கூட்டத்தைத் தின்றுவிடும். அங்கே எறிவது தூண்டில்காரர் செய்யும் வேலையல்ல.

மற்ற லூர்கள், சுருக்கமாக

டெக்சஸ் முறை: 7 முதல் 10 கிராம் குண்டு வடிவ ஈயம், 4/0 அல்லது 5/0 அகலவளைவு முள், 4 அங்குல ரப்பர்ப் புழு அல்லது தவளை. ஈயம் நூலில் வழுக்கிப் புல்லில் பிரிந்து நிற்காதிருக்க, அதன் மேலே ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி முறித்துவிடுங்கள். முள்முனை ரப்பரின் முதுகில் சற்றே தோலுக்குக் கீழ் நிற்க வேண்டும். புழு நேராக இல்லாமல் வளைந்து குத்தப்பட்டால் சுழன்று நூலை முறுக்கும்.

தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிட், மேல்நீரில் இரைந்து வரும் பஸ்பெயிட் இரண்டும் 14 கிராமில் போதும். மழைக்குப் பின் கலங்கிய நீரில் நன்றாக வேலை செய்யும். கத்தி மீன் கால்வாய்களில் சின்ன ரப்பர் மீனுக்கு அடிக்கும். அது அலங்கார மீன் தொட்டிகளின் வழியே வந்து பரவிய ஆக்கிரமிப்பு இனம். பிடித்ததை மீண்டும் நீரில் விடாதீர்கள், உயிரோடு வேறு குளத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

இலத்திரனியல் சாமான்: எதற்கு, எங்கே

பாஸ் உலகத்தில் அதிகம் செலவாகும் பகுதி இது, இங்கே அதிகம் வீணாகும் பகுதியும் இதுவே. காரணம் எளிய கணக்கு. ஒலியால் நீரடியைக் காட்டும் கருவி ஃபிஷ்ஃபைண்டர். நீருக்குள் இருக்கும் அதன் உணரியான ட்ரான்ஸ்டியூசர் ஒலியைக் கூம்பாக அனுப்புகிறது. 200 கிலோஹேர்ட்ஸில் கூம்பின் கோணம் பெரும்பாலும் 20 பாகை. 2 மீற்றர் ஆழத்தில் அது காட்டும் வட்டத்தின் குறுக்களவு 70 செ.மீ. மட்டுமே. 83 கிலோஹேர்ட்ஸில் 60 பாகை என்றாலும் 2.3 மீற்றர். உங்கள் படகின் கீழ் அவ்வளவு நெருக்கத்தில் விரால் நிற்காது. புல் அடர்ந்த ஆழமற்ற நீரில் திரை முழுவதும் பச்சைக் குழம்பாகத் தெரியும். அங்கே ஃபிஷ்ஃபைண்டர் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்குக்கு செம்பு அல்லது தேன் நிறப் போலரைஸ்டு கண்ணாடி வாங்குங்கள். குமிழி, நீர்க்கோடு, மூழ்கிய மரம் மூன்றையும் அது காட்டும்.

ஃபிஷ்ஃபைண்டர் பயன்படுவது பொல்கொடையிலும் களனி கங்கையின் ஆழமான வளைவுகளிலும். அங்கேயும் மீனைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். விழுந்த மரம், பாலத்தூணின் அடி, சேறு முடிந்து கடினத்தரை தொடங்கும் கோடு, திடீர்ப் பள்ளம்.

திரையைப் படிக்கும் முன் மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். மீன் படம் போடும் ஃபிஷ் ஐடியை அணையுங்கள்; அது மிதக்கும் இலைக்கும் மீன் படம் போடும். ஆழ எல்லையைத் தானியங்கியிலிருந்து எடுத்து, 5 மீற்றர் நீரில் 6 அல்லது 7 என நீங்களே வையுங்கள். உணர்திறனைத் திரையில் புள்ளிகள் சிதறும்வரை கூட்டி, பிறகு குறைத்து, அவை மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். உவர்நீர், நன்னீர் தெரிவு இருந்தால் பாணந்துறைப் பக்கம் உவர்நீருக்கு மாற்றுங்கள்.

தடித்த பிரகாசமான அடிக்கோடும், அதன் இருமடங்கு ஆழத்தில் மங்கலான இரண்டாவது கோடும் தெரிந்தால் தரை கடினம். மெல்லிய மங்கல் கோடு சேறு. படகு நகரும்போது மீன் வில்லாகத் தெரியும். படகு நின்றால் அதே மீன் நீண்ட கோடாகத் தெரியும். அந்தக் கோடு பெரிய மீனைக் குறிக்காது, ஒரே மீன் கீழேயே நிற்கிறதென்பதைத்தான் குறிக்கும். பக்கவாட்டு ஸ்கான் உள்ள கருவியில் மணிக்கு 4 முதல் 6 கி.மீ. வேகத்தில் நேராகப் போங்கள். திரும்பும்போது வரும் படம் நீண்டு சுருங்கி ஏமாற்றும்.

வாடகைப் படகில் துளை போட முடியாது. அலுமினியக் குழாயின் முனையில் ட்ரான்ஸ்டியூசரைப் பூட்டி, கிளாம்பால் படகின் விளிம்பில் இறுக்குங்கள். முகம் கிடையாக, படகின் அடிக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் காற்றுக்குமிழி அடித்து வேகத்தில் படம் அறுபடும். படம் அறுபட்டதும் கருவியைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

மின்சாரம்: 5 அங்குலக் கருவி 0.5 அம்பியர் எடுக்குமென்று வைத்தால், 12 வோல்ட் 7 அம்பியர்மணி ஈய அமில பற்றரி பாதிவரை 7 மணித்தியாலம் தரும். பாதிக்குக் கீழ் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கருவியின் கையேடு சொல்லும் ஃபியூஸை, பெரும்பாலும் 3 அம்பியர், நேர்முனைக் கம்பியில் போடுங்கள்.

மின் ட்ரோலிங் மோட்டர் வேறு கணக்கு. 55 றாத்தல் உந்துவிசையுள்ள 12 வோல்ட் மோட்டர் முழுவேகத்தில் 50 அம்பியர் வரை எடுக்கும். 100 அம்பியர்மணி லித்தியம் பற்றரியில் இரண்டு மணித்தியாலம், ஈய அமிலத்தில் பாதிவரை என்றால் ஒரு மணித்தியாலம். அரைவேகத்தில் ஓட்டினால் பல மடங்கு நீளும். பற்றரிக்குக் கிட்ட 60 அம்பியர் பிரேக்கர் கட்டாயம். ஆகாயத்தாமரை தண்டு விசிறியைப் பூட்டும்போது சூடேறுவது கம்பிதான். மோட்டருக்கும் ஃபிஷ்ஃபைண்டருக்கும் ஒரே பற்றரி கொடுத்தால் திரையில் கோடுகோடாக இரைச்சல் விழும்.

கரையிலிருந்து எறியும் சோனார் பந்தும் கிடைக்கிறது. பெரும்பாலானவை 60 முதல் 100 கிராம் வரை எடை. 28 கிராம் தடியில் அதை எறிந்தால் தடி முறியும், அல்லது நூல் அறுந்து பந்து களனியோடு போகும். தனியாக ஒரு கடல் தடியும் 50 றாத்தல் பிரெய்ட்டும் வேண்டும்.

பொல்கொடையில் கொடுவா

தெற்குப் பகுதி பாணந்துறையில் கடலோடு சேர்வதால் நீர் உவர்ப்பு கலந்தது, வற்றுப்பெருக்கும் உண்டு. தென்மேற்குக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஓடை வாயில் நீர் வெளியே ஓடும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் சிறுமீனும் இறாலும் வெளியே அடித்து வரும், கொடுவா வாயிலில் காத்திருக்கும். நீர் நின்றுவிட்டால் கடியும் நிற்கும்.

9 முதல் 12 செ.மீ. ஜேர்க்பெயிட்டை (வெட்டி வெட்டி இழுக்கும் போலி மீனை) ஓட்டத்துக்கு மேல்பக்கம் எறிந்து, இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம் என்று கொண்டுவாருங்கள். நிறுத்தம்தான் முக்கியம், 3 விநாடிவரை. பாஸ் லூரோடு வரும் மும்முள்ளும் வளையமும் மெல்லியவை. ஒரே அளவில் தடித்த கம்பி முள்ளாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு வாளி நீரில் விட்டுப் பாருங்கள்: மிதந்த லூர் இப்போது அமிழ்கிறதென்றால் முள் பாரம், ஓர் அளவு சிறியதைப் போடுங்கள். நீர் ஆழமென்றால் 10 முதல் 14 கிராம் தலையுள்ள துடுப்புவால் ரப்பர் மீன், அடியைத் தொட்டுத் தொட்டு.

கொடுவா பாய்ந்து தலையை உலுப்பும். அப்போது தடியைத் தாழ்த்தி நீருக்குள் வையுங்கள். தூக்கினால் லூர் கழன்று பறக்கும்.

எங்கே, எப்போது

காலை 5.45 முதல் 8 மணி, மாலை 4.30க்குப் பின். ஒக்டோபர், நவம்பர் மாத மழையில் கால்வாய் மட்டம் உயரும்போது விரால் புதிதாக மூழ்கிய புல்லோரத்துக்கு ஏறும், கரையிலிருந்து 1 மீற்றருக்குள். அந்நாட்களில் நடுநீருக்கு எறிவது வீண்வேலை. ஆனால் அதே மாதங்களில் பிற்பகல் இடி வழக்கம். கையில் இருப்பது 7 அடி கார்பன் தடி. அது மின்சாரம் கடத்தும். முதல் முழக்கத்தோடு தடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கால்வாயோர மின்கம்பிகளுக்குக் கீழேயும் எறியாதீர்கள்.

பெல்லன்வில-அத்திடிய 1990இலிருந்து சரணாலயம். அங்கே தூண்டில் கூடாது. லபுகம, களட்டுவாவ குடிநீர்த் தேக்கங்கள். தியவன்னாவில் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த பகுதி உயர் பாதுகாப்பு வலயம். வயலோரக் குளமென்றால் காணிக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். விரால் என்று சொல்லிப் புரியாவிட்டால் லூலா என்றால் புரியும், பெரும்பாலும் எந்த மூலை என்பதையும் சேர்த்தே சொல்வார். பேர வாவியிலும் நகரக் கால்வாய்களிலும் பிடித்ததைச் சமைக்காதீர்கள். கழிவு கலக்கும் நீர் அது.

பொல்கொட, வேரஸ் கங்கைப் பக்கம் முதலை உண்டு. முழங்காலளவு நீரில் நின்று எறியும் பழக்கம் வேண்டாம். எலிக்காய்ச்சல் இன்னொரு காரணம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எந்த நீரில் எப்போது நின்றீர்கள் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மீனும் கையும்

முள்ளின் பின்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நூல் இறுக்கமாக இருக்கும்வரை மீன் தப்பாது. உங்கள் விரலிலிருந்து எடுப்பதும் சுலபம். விராலை உதட்டில் விரல் விட்டுத் தூக்காதீர்கள், பாஸ் படங்களில் அப்படித்தான் பிடிப்பார்கள், பாஸுக்குக் கடிக்கும் பல் இல்லை. உதடுபிடிக் கருவியால் பிடித்து, மறுகையை நனைத்து வயிற்றைத் தாங்கிக் கிடையாக வையுங்கள். கொடுவாவின் செவுள்மூடிக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பின்கூரோடு முள் கையில் ஏறிவிட்டால்: மும்முள் என்றால் மற்ற இரண்டையும் முதலில் வெட்டுங்கள். வளைவில் தடித்த பிரெய்ட்டை வளையமாகப் போட்டு, முள்ளின் கண்பக்கத்தைத் தோலோடு அழுத்தியபடி, தண்டுக்கு இணையாகப் பின்னோக்கி ஒரே வெட்டாக இழுத்தால் வந்த வழியே வெளியேறும். கண்ணுக்குக் கிட்டவோ மூட்டிலோ ஏறியிருந்தால் தொடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். எப்படியானாலும் ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டதென்று பார்க்க வேண்டும்.

பொல்கொடையிலிருந்து வந்த அன்றே ரீலை மென்மையாக ஓடும் குழாய் நீரில் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு பெயரிங்குக்குள் போகும். கழுவும்போது ட்ராக் இறுக்கமாக இருக்கட்டும், உள்ளே நீர் புகாது. உலர்ந்ததும் முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வளையங்கள் அழுந்தி, அடுத்தமுறை ட்ராக் விட்டுவிட்டு வழுக்கும்.